ஸைத்தூன் துறைமுகமும் நம் வீட்டுப் பீங்கானும்

பீங்கான் என்பது தமிழில் பிறந்த சொல் அன்று. கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்ற பாரசீகச் சொல்லே தமிழ் நாவில் சற்று நீண்டு பீங்கானாயிற்று. பொருள் சீனத்தில் பிறந்தது. பெயர் பாரசீகத்தில் பிறந்தது. இரண்டும் வந்து தங்கிய இடம் தமிழ் வீடு. சீனாக்காரம், சீனச்சட்டி, சீனவெடி என்று சீனத்தோடு சேர்த்தே பல பொருள்களுக்கு நம் முன்னோர் பெயரிட்டிருக்கின்றனர். பீங்கானுக்கோ அதைச் செய்தவனின் நாட்டுப் பெயர் அமையவில்லை. கொண்டுவந்து கொடுத்தவனின் மொழியிலேயே பெயர் அமைந்துவிட்டது. கடலோர முஸ்லிம் ஊர்கள் சிலவற்றிலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் சோறுண்ணும் தட்டைப் பீங்கான் என்றே இன்றும் அழைக்கின்றனர்.

மங்கலம்பேட்டையைச் சுற்றி வாழும் நமக்கு இச்சொல் இன்னொரு வகையில் அண்மையானது. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அத்தொழிலைக் கற்பிக்கும் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. நெய்வேலிப் பகுதியின் வெண்களிமண் அருகிலேயே கிடைப்பது இத்தொழில் இங்கு ஊன்றியதற்கு ஒரு காரணம். அந்த ஊரைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, மஹ்மூது பந்தர் என்று ஒருகாலத்தில் அழைக்கப்பட்ட பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. உள்நாட்டு ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்திற்கும் ஒரு கடல்வாசல் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தமிழக முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மேற்கு நோக்கி நின்றே எழுதுகின்றனர். அரபு நாட்டிலிருந்து கப்பல் வந்தது, காயலில் கரையேறினர், பள்ளிவாசல் எழுந்தது என்று அக்கதை முடிந்துவிடும். இதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. அக்கப்பல்களுள் பல நம் கரையோடு நின்றுவிடவில்லை. அரபு வணிகர்கள் சோழமண்டலக் கரைக்கு இட்ட பெயரே 'மஅபர்'; கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். எதைக் கடந்து எங்கே செல்வதற்கு என்ற கேள்விக்கு விடை கிழக்கில் இருக்கிறது. அந்தக் கிழக்கின் எல்லையில் இருந்த பெருந்துறைமுகமே ஸைத்தூன்.

இன்றைய சீன வரைபடத்தில் ஃபூஜியன் மாநிலத்துக் கரையில் சுவான்ஜோ என்று காணப்படும் நகரம் அது. குர்ஆனில் 'அத்தீன்' அத்தியாயத்தை ஓதியவர்கள் ஸைத்தூன் என்றதும் ஒலிவத்தையே நினைப்பார்கள். இப்னு பதூதாவும் அப்படித்தான் நினைத்துப் போனார் போலும். அந்நகரில் ஒலிவமே இல்லை, பெயர்தான் அப்படி என்று எழுதிவைத்தார். உண்மையில் நகரைச் சுற்றிலும் நடப்பட்டிருந்தது 'சிதோங்' என்னும் மரம். அம்மரத்தின் பெயரே ஊருக்கும் ஆகிவர, அரபு மாலுமிகளின் காதில் அது தமக்குத் தெரிந்த ஸைத்தூனாக விழுந்தது. சிதோங் வேறு எதுவுமில்லை. நம் வேலிகளில் வெற்றிலைக்கொடி படர நட்டுவைக்கும் முள்முருங்கைதான். சளிக்கு அடை தட்டித் தின்னும் அதே கலியாண முருங்கை. பங்குனி வெயிலில் இலை உதிர்த்துச் செந்நிறமாகப் பூத்து நிற்கும் அம்மரத்தை அத்தொலைவான கரையில் கண்ட தமிழ் வணிகனுக்கு ஊர் நினைவு வந்திருக்கும்.

சொங் பேரரசு 1087இல் இந்நகரில் கடல்வணிக அலுவலகம் ஒன்றை நிறுவியது. உள்ளே வரும் கப்பலைச் சோதிப்பதும், வரி வாங்குவதும், அரசுக்கு வேண்டிய சரக்கை முதலில் எடுத்துக்கொள்வதும் அதன் பணி. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முன்பே, ஹிஜ்ரி 400இல் (1009–10), முஸ்லிம்கள் அங்குப் பள்ளிவாசல் கட்டிவிட்டனர். அஸ்ஹாப் பள்ளி என்று அறியப்படும் அதன் கல்வாயில் இன்றும் நிற்கிறது. ஹிஜ்ரி 710இல் ஷீராஸைச் சேர்ந்த அஹ்மத் இப்னு முஹம்மத் என்பவர் அதைப் புதுப்பித்த செய்தி அரபு எழுத்தில் அச்சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அலுவலகத்திற்கு முன்னர் பள்ளிவாசல் வந்திருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். வணிகர் குடியேறி, தொழுகைக்கு இடம் அமைத்து, பெரிய சமூகமாக ஆன பிறகே அரசு வரிப்பெட்டியோடு வந்து உட்கார்ந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சுவான்ஜோவின் கிழக்கே லிங்ஷான் குன்றில் இரண்டு கபுருகள் உள்ளன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே வந்த தோழர்கள் இருவர் அங்கு அடங்கியிருப்பதாக அவ்வூரார் நம்புகின்றனர். இச்செய்தியை எழுத்தில் விரிவாகத் தரும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடையே ஆயிரம் ஆண்டு. அல்லாஹு அஃலம். அதுபோலவே, கல்வி தேடிச் சீனம்வரை போகச் சொல்லும் புகழ்பெற்ற கூற்றை மேடைதோறும் ஹதீஸ் என்று கேட்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடரை ஹதீஸ்கலை அறிஞர்கள் ஏற்கவில்லை. இட்டுக்கட்டப்பட்டது என்றே சொன்னவர்களும் உண்டு. சீனத்தோடு நமக்கிருந்த உறவைக் காட்ட இந்த இரண்டும் தேவையே இல்லை. கல்லும் ஓடும் சொல்லும் போதிய அளவு கிடைத்திருக்கின்றன.

ஓடு என்றது உடைந்த பீங்கானை. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாக வெளிப்பட்டன. பேராசிரியர் எ. சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் அவற்றை ஆராய்ந்தனர். பெரும்பாலானவை 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. லோங்சுவான் சூளைகளின் இளம்பச்சைப் பீங்கான், ஃபூஜியன் வெண்பீங்கான், பின்னர் வந்த நீலப்பூ வேலைப்பாடு என்று பலவகை அவற்றுள் இருந்தன. 1330களில் கடலோடிய வாங் தாயுவான் என்ற சீன வணிகர் தம் பயணக்குறிப்பில் 'பெரிய பதான்' என்று ஒரு துறையைச் சொல்கிறார். அது பெரியபட்டினமே என்பது கராஷிமாவின் முடிவு. அவ்வூரின் பழம்பெயர் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்றும், அங்குச் சோனகச் சாமந்தன் ஒருவனின் பள்ளிக்குப் பாண்டிய அரசு நிலம் விட்டது என்றும் திருப்புல்லாணிக் கோயில் கல்வெட்டு தெரிவிக்கிறது. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசல் மானியம் எழுதப்பட்டது. அப்பள்ளியை அடுத்த தெருக்களில் சீனக் கிண்ணம் புழங்கியது. இதை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக இன்று நாம் மேடையில் பேசுகிறோம். அன்று அது வாணிகத்தின் அன்றாடம். பாராட்ட வேண்டிய அதிசயமாக எவருக்கும் தோன்றியிராது.

பீங்கான் எப்படிச் செய்யப்படுகிறது என்று ஸைத்தூனில் கேட்டறிந்து எழுதியவர் இப்னு பதூதா. மலையிலிருந்து ஒருவகை மண்ணை எடுக்கின்றனர், அது கரிபோல் எரியும், அதோடு ஒரு கல்லைச் சேர்த்து மூன்று நாள் தீயிட்டு, நீர் ஊற்றிப் பொடியாக்கி, பிறகு புளிக்க வைக்கின்றனர் என்பது அவர் தரும் விவரம். ஒரு மாதம் புளித்த மண்ணே சிறந்ததாம். விருத்தாசலத்துச் சூளைக்காரர் இதைப் படித்தால் பாதிக்குத் தலையசைப்பார், பாதிக்குச் சிரிப்பார். பிசைந்த மண்ணை ஈரத்தோடு நாள்கணக்கில் ஊறப்போட்டால் அது வசப்படும் என்பது இன்றும் உண்மை. ஆனால் களிமண் எரியாது. சீனத்தில் நிலக்கரி எரிப்பதைக் கண்ட வியப்பைப் பயணி பீங்கான் மண்ணோடு குழப்பிக்கொண்டார். வெண்களிமண்ணும், வெயிலிலும் மழையிலும் சிதைந்த கற்களின் பொடியும் சேர்ந்து, 1,300 பாகை அளவு வெப்பத்தில் கண்ணாடிபோல் இறுகுவதே பீங்கான். சாதாரண மண்பாண்டத்துக்கு அவ்வளவு வெப்பம் வேண்டியதில்லை. ஆகையால் அது நீரை உறிஞ்சும், தட்டினால் மணி ஒலி எழாது. ஸைத்தூனிலும் காண்டனிலும் தவிர வேறெங்கும் பீங்கான் செய்வதில்லை என்று அவர் எழுதியதும் பிழை. சிங்தேசென் சூளைகள் அப்போது புகழோடு எரிந்துகொண்டிருந்தன. துறைமுகத்தோடு நின்ற பயணிக்கு உள்நாடு தெரியாமல் போவது இயல்பு. ஆனால் சுவான்ஜோவின் பின்புறத்து மலைகளில் தெஹுவா போன்ற சூளையூர்கள் இருந்தன என்பதும், அங்குச் செய்யப்பட்ட பாண்டம் ஆற்றுவழி இறங்கிக் கப்பலேறியது என்பதும் ஐயமற்றவை. விலை அங்கு நம் மண்சட்டிக்கு ஒப்பாகவோ அதற்கும் குறைவாகவோ இருந்ததென்கிறார். அந்த மலிவுதான் கப்பலின் அடித்தட்டை நிரப்பியது. எடை கப்பலை நிலைநிறுத்தும், நீர் பட்டாலும் கெடாது, கரையேறிய இடத்தில் விலை பலமடங்கு.

இங்கிருந்து போனவை மிளகு, முத்து, பருத்தித்துணி. அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் ஸைத்தூனுக்கு நூறு வரும் என்று எழுதினார் மார்க்கோ போலோ. அவருக்கு மிகைப்படுத்தும் பழக்கம் உண்டு. ஆயினும் 1974இல் சுவான்ஜோ அருகே சேற்றிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட சொங் காலக் கப்பலில் மிளகும் சந்தனமும் சாம்பிராணியும் கிடைத்தபோது, அந்த மனிதர் முழுப்பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

இந்த நெடிய வரலாற்றில் ஓர் ஆண்டை மட்டும் எடுத்து நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். அது 1281.

அவ்வாண்டின் தொடக்கத்தில் யாங் டிங்பி என்னும் தூதர் குப்லாய் கானின் ஆணையோடு சுவான்ஜோவில் கப்பலேறினார். போகவேண்டிய இடம் கேரளத்துக் கொல்லம். மூன்று மாதம் கடலில் கழித்து இலங்கையை எட்டியபோது காற்று எதிர்த்தது, உணவும் குறைந்தது. மஅபரில் இறங்கித் தரைவழியே கொல்லம் போகலாம் என்று மாலுமிகள் சொல்ல, ஏப்ரல், மே வாக்கில் நம் கரையில் வந்து இறங்கினார். அங்கே அமைச்சர் ஒருவர் அவரை வரவேற்று, எங்கள் நாட்டுக் கப்பல்கள் சுவான்ஜோவுக்கு வரும்போது உங்கள் அதிகாரிகள் நன்றாக நடத்துகின்றனர், அதற்கு எப்படிக் கைம்மாறு செய்வோம் என்று பேசியதாக யுவான் வரலாறு பதிவு செய்கிறது. பேச்சு இனிமையாக இருந்ததே தவிர வழி மட்டும் கிடைக்கவில்லை. ஏதேதோ காரணம் சொல்லித் தரைவழியை மறுத்துவிட்டனர்.

அதே ஆண்டின் அதே சித்திரையில், தூதர் புறப்பட்டுவந்த சுவான்ஜோவில் ஒரு தமிழர் கல் நாட்டினார். சம்பந்தப் பெருமாள் என்பது அவர் பெயர். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நாள் என்று தமிழ் எழுத்தில் பொழுது குறித்து, திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்ததை அக்கல்வெட்டு சொல்கிறது. செகசை கான் என்று அது குறிக்கும் ஆட்சியாளரின் உடல்நலத்திற்காக அந்தச் சிவன் கோயில். 1956இல் கிடைத்த இக்கல்லின் கடைசி வரி சீன எழுத்து. சைவ வணிகரின் இக்கல்லில் நம் கண்ணை நிறுத்துவது ஒரு சொல்: கானின் 'பர்மான்'படி இது செய்யப்பட்டது என்கிறது. ஃபர்மான் என்ற பாரசீகச் சொல் சீன மண்ணில், மங்கோலிய அரசின்கீழ், தமிழ் எழுத்தில் நிற்கிறது. அரசாணைக்குச் சம்பந்தப் பெருமாள் வேறு சொல் தேடவில்லை. துறைமுகத்தில் எல்லோரும் சொன்ன சொல்லையே அவரும் எழுதினார். பீங்கான் என்ற சொல் நம்மிடம் வந்ததும் இப்படித்தான். கல்விச்சாலையிலோ அரண்மனையிலோ நடந்த கொடுக்கல் வாங்கல் அன்று அது. கிடங்கின் வாசலில், எடை போடும் இடத்தில், பல நாட்டார் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசியபோது நடந்தது. (சோழமண்டலக் கரையில் இதற்கு மாற்றும் உண்டு. நாகப்பட்டினத்தில் செங்கல் கோபுரம் ஒன்று இருந்ததாகவும், அதில் 1267க்கு இணையான ஆண்டு குறித்த சீன எழுத்து இருந்ததாகவும் வாங் தாயுவான் எழுதியிருக்கிறார்.)

மீண்டும் நம் கரைக்கு வருவோம். தரைவழி மறுக்கப்பட்டு விடுதியில் தங்கியிருந்த தூதரிடம் ஒரு மாதம் கழித்து விடியற்காலையில் இருவர் வந்தனர். சுற்றியிருந்தோரை அகற்றச் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் வழியே மறைவாகப் பேசினர். ஆளும் சகோதரர் ஐவரும் கொல்லத்தின்மீது படையெடுக்கக் கூடியிருக்கின்றனர்; என் பொன்னையும் சொத்தையும் பறித்துக்கொண்டனர், கொல்லவும் முயன்றனர், தந்திரமாகத் தப்பினேன் என்று அவர்களுள் ஒருவர் சொன்னார். சீன ஏடுகள் அவரைப் 'பு-ஆலி' என்று எழுதுகின்றன. அபூ அலி என்பதே அது.

இந்த அபூ அலியின் வாழ்க்கை நம் நூல்களில் வரவேண்டிய அளவு வரவில்லை. லியு மின்ஜோங் என்ற சீன அறிஞர் எழுதிய நினைவுரையால்தான் அவரை விரிவாக அறிகிறோம். இயற்பெயர் ஸையித். முன்னோர் ஓமான் கரையின் கல்ஹாத்திலிருந்து மஅபருக்கு வந்து குடியேறினர். அரசகுலச் சகோதரர் ஐவர் அவருடைய தந்தையை ஆறாவது சகோதரராகவே நடத்தினர் என்கிறது அவ்வுரை. தந்தையின் பெயரே மகனுக்கும் வழங்கலாயிற்று. ஆறாவது சகோதரர் என்ற இடம் எத்தகையது என்பதை மகன் 1281இல் கண்டுகொண்டார்: பொன் வரும் வரை சகோதரன், அரசருக்குப் படைச்செலவு வந்ததும் பெட்டி அரசருடையது.

பத்தாண்டு பொறுத்திருந்து, 1291இல் அவர் தம் நிலபுலத்தைத் துறந்து, ஏவலரோடு சீனம் சென்றார். குப்லாய் பதவியும் பட்டமும் தந்து, கொரிய நாட்டுப் பெண்மணி ஒருவரை மணமுடித்து வைத்தார். சுவான்ஜோவில் வாழ்ந்த அவர் 1299இல் தலைநகரில் இறந்தபோது வயது 49. உடலைச் சுவான்ஜோவுக்கே கொண்டுவந்து அடக்கினர். ஓமானிய வேர், தமிழ்க்கரைப் பிறப்பு, கொரிய மனைவி, சீனக் கபுரு.

அவர் போன வழியில் எதிராக வந்தவர் ஒருவரும் உண்டு. பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபி ஆண்டுதோறும் தம் 1,400 குதிரைகளைப் பாண்டியருக்கு அனுப்பியவர். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டிய அரசின் அமைச்சராகக் காயல் உள்ளிட்ட துறைகளை நிருவகித்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அந்த ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மது ஈரானிய மங்கோலிய அரசர் கஸான் கானின் தூதராகச் சீனம் சென்றார். ஆண்டுகள் பல கழித்துத் திரும்பும் வழியில், 1305இல் மஅபரை நெருங்கும்போது இறந்தார். சிறிய தந்தையின் கபுருக்கு அருகே, நம் கரையில், அவரை அடக்கினர்.

மஅபர்வாசி சுவான்ஜோவில், சீனம் சென்று மீண்டவர் மஅபரில். இரண்டு கபுருகளுக்கும் இன்று அடையாளம் இல்லை.

இதற்கு நாற்பது ஆண்டுக்குப் பின்னர் வந்தவர் இப்னு பதூதா. மதுரை சுல்தானிடம் தங்கியிருந்தவர் அவர். அச்சுல்தானின் மனைவியும் இவர் மணந்த பெண்ணும் உடன்பிறந்தோர். இங்கிருந்து புறப்பட்டு, வங்காளம், சுமத்ரா வழியே ஸைத்தூனில் இறங்கியபோது துறையில் நூறு பெருங்கப்பல்களைக் கண்டார். சிறியவற்றை எண்ண முடியவில்லை. முஸ்லிம்கள் தனிப்பகுதியில் வாழ்ந்தனர். காழியார் அர்தபீல் ஊரினர்; ஷைகுல் இஸ்லாம் இஸ்ஃபஹான்காரர். இந்தியாவில் தமக்குக் கடன் கொடுத்திருந்த தப்ரீஸ் வணிகர் ஒருவரை அங்கே தற்செயலாகச் சந்தித்தார் என்பது எனக்குப் பிடித்த இடம். உலகின் மறுமுனைக்குப் போயும் கடன் கொடுத்தவர் கண்ணில் பட்டுவிட்டார். காஸரூன் ஷைகு அபூ இஸ்ஹாக்கின் பெயரால் புயலில் மாலுமிகள் செய்த நேர்ச்சைப் பணத்தை வாங்கிக்கொள்ள நகருக்கு வெளியே ஒரு ஸாவியாவும் இருந்தது. நேர்ச்சை கூடுமா கூடாதா என்பதில் நம்மிடையே உள்ள வாதத்தை இங்குத் தொடவில்லை. கள்ளிக்கோட்டை முதல் ஸைத்தூன் வரை ஒரே நேர்ச்சைக் கணக்கு செல்லுபடியானது என்பதே வரலாற்றுக்கு வேண்டியது.

இவ்வளவு செழிப்பை மட்டும் சொல்லி நிறுத்துவது நம் எழுத்தாளர் பலரின் வழக்கம். அது நேர்மையன்று.

சுவான்ஜோ முஸ்லிம்களின் உயர்வுக்கு அடித்தளமிட்டவர் பூ ஷோகெங். மேற்கிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தவர். சொங் அரசின்கீழ்க் கடல்வணிக அலுவலகத்தின் தலைவராக இருந்தவர். மங்கோலியப் படையிடம் தோற்று, குழந்தை அரசரோடு கடல்வழி ஓடிவந்த சொங் அரசவை 1276இல் சுவான்ஜோவை நாடியபோது, அவர் கதவைத் திறக்கவில்லை. மங்கோலியர் பக்கம் சாய்ந்தார். நகரில் குடியிருந்த சொங் அரசகுலத்தாரைக் கொன்றார். துறைமுகம் எரியாமல் தப்பியது, வாணிகம் தொடர்ந்தது, அவருக்கும் மக்களுக்கும் பதவிகள் குவிந்தன. அபூ அலியும் சம்பந்தப் பெருமாளும் கண்ட சுவான்ஜோ இந்தக் கொலைக்குப் பிறகான சுவான்ஜோ. முஸ்லிம் பெயர் என்பதற்காக இதை மூடி மறைப்பதில் பயனில்லை. அநீதிக்குச் சாட்சி சொல்லும்போது சொந்தக்காரர் என்று பார்க்கக்கூடாது என்பதை நமக்கு நினைவூட்டத் தேவையில்லை.

ஊரார் அதை மறக்கவில்லை. 1357இல் நகரின் பாரசீகக் காவற்படை கிளர்ந்தெழுந்து ஆட்சியைக் கைப்பற்றியது. 'இஸ்பாஹ்' கிளர்ச்சி என்று அதற்குப் பெயர். படையைக் குறிக்கும் சிபாஹ் என்ற பாரசீகச் சொல், நம் 'சிப்பாய்'க்கும் அதுவே வேர். தொடங்கியவர்கள் முஸ்லிம் தளபதிகள். 1362இல் அவர்களுள் ஒருவரைக் கொன்று இடத்தைப் பிடித்தவர் பூ குடும்பத்தில் பெண்ணெடுத்த இன்னொரு முஸ்லிம். பத்தாண்டு முழுதும் வணிகர் செல்வம் சிப்பாய்ச் சம்பளமாயிற்று. 1366இல் யுவான் படை நகரில் புகுந்தபோது வெறுப்பு கட்டவிழ்ந்தது. கதவுகளை மூடி மூன்று நாள் கொன்றனர் என்றும், மூக்கு நீண்டிருந்த காரணத்தாலேயே தொடர்பற்றோரும் கொல்லப்பட்டனர் என்றும் அவ்வூர்க் குலவரலாறு ஒன்று கூறுகிறது. வாளெடுத்தவர்கள் ஒரு சாரார். மாண்டவர்களுள் தராசு பிடித்தவனும், கப்பலில் கயிறு திரித்தவனும், பள்ளியில் பாங்கு சொன்னவனும் இருந்திருப்பார்கள்.

பின்னர் வந்த மிங் அரசு தனியார் கடல்வணிகத்தைத் தடை செய்தது. துறையில் மணல் தேங்கியது.

கபுருக் கற்களைப் பெயர்த்து நகரமதில் கட்டப் பயன்படுத்தினர். கலிமாவும் குர்ஆன் வசனமும் இறந்தவர் ஊர்ப்பெயரும் பொறித்த கற்கள் மதிலுக்குள் முகம் புதைத்து ஏறத்தாழ அறுநூறு ஆண்டு கிடந்தன. சிவன் கோயில் தூண்களுக்கும் அதே கதிதான். நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய இரு தூண்கள் கையுவான் என்னும் பௌத்த ஆலயத்தின் பின்புறத்தில் போய் நிற்கின்றன. 20ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது கற்கள் வெளிவந்தன. அவற்றைத் தேடித் திரிந்து, கல்தச்சரிடமிருந்தும் வீட்டுப் படிக்கட்டிலிருந்தும் விலைகொடுத்து வாங்கிக் காத்தவர் ஊ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர். அவர் முஸ்லிமும் அல்லர், தமிழரும் அல்லர். 1957இல் அவர் வெளியிட்ட நூலால்தான் உலகம் இவற்றை அறிந்தது. சுவான்ஜோவின் கடல்வரலாற்று அருங்காட்சியகத்தில் அரபுக் கற்களும் தமிழ்க் கோயிலின் சிற்பங்களும் இன்று ஒரே கூரையின்கீழ் உள்ளன. 2021இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது அஸ்ஹாப் பள்ளியும் லிங்ஷான் கபுருகளும் தெஹுவா சூளைகளும் அப்பட்டியலில் இடம்பெற்றன. நம் பழைய கபுர்ஸ்தான்களில் மீஸான் கற்களைச் சுண்ணாம்பு பூசி மறைக்கும்போதும், பள்ளி விரிவாக்கத்தில் பழங்கல்லை அடித்தளத்தில் போடும்போதும் அந்தப் பள்ளி ஆசிரியரை நினைத்துக்கொள்கிறேன்.

மிங் காலத்திலும் கதவு முழுதாக மூடிவிடவில்லை. 1407இல் மிங் பேரரசர் யோங்லெ முஸ்லிம்களுக்குத் தீங்கு செய்யக்கூடாதென்று விடுத்த ஆணை அஸ்ஹாப் பள்ளியில் கல்லில் நிற்கிறது. கடற்படைத் தலைவர் செங் ஹே, தாமே முஸ்லிம், 1417இல் ஹோர்முஸ் செல்லும் வழியில் லிங்ஷானில் ஸியாரத் செய்ததற்கும் அங்கே கல்வெட்டு உண்டு. அவர் 1409 எனக் காலம் குறித்துக் கொண்டுவந்த இன்னொரு கல் இலங்கையின் காலியில் கிடைத்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சீனம் புத்தரையும், தமிழ் தேனாவரை நாயனாரையும், பாரசீகம் இஸ்லாத்தையும் பேசுகின்றன. மூன்று காணிக்கைப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே. சம்பந்தப் பெருமாளின் கல்லில் ஒரு சொல்லாக நுழைந்த பாரசீகம் இங்குத் தனிப்பத்தியாகிவிட்டது. பீங்கான் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அதே மூன்று மொழிகள்.

படுகொலைக்குத் தப்பிய முஸ்லிம் குடும்பங்கள் நகரைவிட்டுக் கடலோரச் சிற்றூர்களுக்கு ஓடின. சென்தாய் ஊரில் குடியேறிய திங் குலத்தார் தம் குலப்பெயர் ஷம்சுத்தீன் என்பதன் கடைசி அசையிலிருந்து வந்ததென்று சொல்லிக்கொள்கின்றனர். பாய்ச்சி ஊரின் குவோ குலத்தாருக்கும் இத்தகைய மரபு உண்டு. அச்சத்தில் பெயரை மாற்றினர். பிறகு மொழி மாறியது. தலைமுறைகள் செல்லச் செல்லத் தொழுகையும் நோன்பும் விட்டுப்போயின. சீனர்களைப் போலவே முன்னோர் மண்டபம் கட்டி, ஊதுபத்தி கொளுத்திப் படையலிடத் தொடங்கினர். கேட்டால் பலருக்குக் கலிமா தெரியாது. ஆனால் முன்னோருக்கு இடும் அந்தப் படையலில் மட்டும் பன்றி இறைச்சி வைப்பதில்லை.